எது கரையும், எது நிற்கும்

(ஏனாத்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உருகுநிலை, கொதிநிலை, கரைதிறன் ஆகிய மூன்றையும் நாம் பள்ளியில் அட்டவணையாகத்தான் படித்தோம். தண்ணீர் 100, வெள்ளி 962, தங்கம் 1064 என்று மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதிவிட்டு, அன்று மாலையே மறந்துபோன எண்கள். வேதியியல் கற்பிக்கிற எனக்கு இது நெடுநாள் வருத்தம். காஞ்சிபுரத்தைச் சுற்றி வாழ்கிற நமக்கு அந்த எண்கள்தான் சோறு போடுகின்றன. ஒன்று கரைகிற இடத்தில் இன்னொன்று கரையாமல் நிற்கிறது. ஒன்று உருகுகிற சூட்டில் இன்னொன்று உருகாமல் கிடக்கிறது. இந்த இடைவெளிக்குள் புகுந்துதான் பட்டுக்காரரும் சாயக்காரரும் பத்தரும் சலவைத் தொழிலாளியும் வேலை பார்க்கிறார்கள். அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

பட்டிலிருந்து தொடங்குகிறேன். பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைகளை உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். கர்நாடகத்திலிருந்து வருகிற கச்சாப் பட்டைக் கையில் எடுத்தால் விறைப்பாக இருக்கும், மினுமினுப்பே இருக்காது. இதையா கல்யாணப் பெண் கட்டப்போகிறாள் என்று தோன்றும். அதைச் சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில், கொதிக்கும் சூட்டுக்குச் சற்றுக் குறைவாக வைத்து, ஒரு மணி நேரத்தை ஒட்டி வேகவிடுகிறார்கள். வெளியே எடுத்து அலசினால் பட்டு குழைந்து பளபளக்கிறது. எடை போட்டால் ஒரு கிலோ ஏறக்குறைய முக்கால் கிலோவாகக் குறைந்திருக்கிறது. அந்தக் கால் கிலோ திருட்டுப் போகவில்லை, தண்ணீரில் கரைந்துவிட்டது.

புழு கூடு கட்டும்போது இரண்டு சுரப்பிகளிலிருந்து இரட்டை இழை விடுகிறது. அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்க மேலே ஒரு பசையைப் பூசுகிறது. உள்ளே இருக்கும் இழைக்குப் பெயர் ஃபைப்ராயின், மேலே இருக்கும் பசைக்குச் செரிசின். இரண்டுமே புரதம்தான், ஒரே புழு செய்தவைதான். ஒரே பாத்திரத்தில், ஒரே சூட்டில் வேகிறபோது ஒன்று மட்டும் கரைந்து ஓடுவதற்கும் மற்றது அசையாமல் நிற்பதற்கும் காரணம் மூலக்கூறுகளின் அமைப்பில் இருக்கிறது.

செரிசினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செரீன் என்ற அமினோ அமிலம். 1865-ல் எமில் கிராமர் என்ற வேதியியலாளர் செரீனை முதன்முதலாகப் பிரித்து எடுத்ததே பட்டின் இந்தப் பசையிலிருந்துதான். செரீனின் ஓரத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு தொகுதி நீட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும்தானே! அதனால் தண்ணீர் மூலக்கூறுகள் அங்கே வந்து பற்றிக்கொள்கின்றன, பசையின் சங்கிலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அழைத்துப் போய்விடுகின்றன. ஃபைப்ராயினின் பெரும்பகுதி கிளைசின், அலனின் என்ற சிறிய அமினோ அமிலங்கள். சிறியவை என்பதால் சங்கிலிகள் இடைவெளி இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, தங்களுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிக்கொள்கின்றன. தண்ணீர் நுழைய வழியில்லை.

கூட்டிலிருந்து நூல் இழுக்கிறவர்களுக்கு இந்தப் பசையோடு வேறு விதமான உறவு. சூடான தண்ணீரில் கூட்டைப் போட்டுப் பசையை இளக்கினால்தான் இழையின் நுனி கிடைக்கும். ஒரு கூட்டில் 600 முதல் 1500 மீட்டர் வரை அறுபடாத இழை இருக்கிறது. ஆனால் அங்கே பசை இளகினால் போதும், போய்விடக் கூடாது. பல கூடுகளின் இழைகளைச் சேர்த்து ஒரே நூலாக ஒட்டுவதும் அதே பசைதான். முறுக்கேற்றி முடிகிற வரைக்கும் அது நூலைக் காக்கிறது, அதற்குப் பிறகுதான் சோப்புத் தண்ணீர். சோப்பு இல்லாமலும் பசையை எடுக்கலாம். மூடிய கலத்தில் அழுத்தம் கூட்டி, குக்கருக்குள் இருப்பதுபோல் 120 டிகிரிக்குத் தண்ணீரைக் கொண்டுபோனால் வெறும் தண்ணீரே பசையை எடுத்துவிடும். பெரிய ஆலைகளில் இந்த முறையும் உண்டு.

தண்ணீரின் தன்மையைப் பற்றி ஒரு வார்த்தை. காஞ்சித் தண்ணீரில் போட்டால்தான் பட்டுக்கு நிறம் எடுக்கும் என்று ஊரில் சொல்வார்கள். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறையக் கரைந்திருந்தால் அவை சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு வெண்பிசுக்காக மாறும். குளிக்கிற வாளியின் ஓரத்தில் படிகிறதே, அதுதான். அது பட்டிழையில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் சாயம் ஏறாது, புடவை திட்டுத்திட்டாகத் தெரியும். ஆகவே சாயக்காரர் தண்ணீரைத் தேர்ந்தெடுப்பதில் காட்டுகிற பிடிவாதத்தை மூடநம்பிக்கை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். அது கரைதிறன் பற்றிய அறிவு.

இந்த அறிவு இங்கே எவ்வளவு பழையது என்பதற்குத் திருக்குறிப்புத் தொண்ட நாயனாரை நினைத்துக்கொள்கிறேன். பெரிய புராணம் சொல்லும் அறுபத்து மூவரில் ஒருவர், காஞ்சியில் சலவைத் தொழில் செய்தவர், சிவனடியார்களின் உடைகளை வெளுத்துக் கொடுப்பதையே வழிபாடாகக் கொண்டவர். நம் பக்கத்துச் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கரைத்து, அந்த நீரில் துணியை நனைத்து, அடுக்கி, இரவெல்லாம் நீராவி ஏற்றி வெள்ளாவி வைத்தார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட்டு. பட்டறைக்காரர் கடையில் வாங்கிப் போடுகிற அதே சோடாதான். எண்ணெய்ப் பிசுக்கு தண்ணீரில் கரையாது. காரத்தோடு சேர்ந்து சூடுபட்டால் அதில் ஒரு பகுதி சோப்பாகவே மாறிவிடும், மாறினால் தண்ணீரோடு போய்விடும்.

நாயனாருக்கு வந்த சோதனையும் இயற்பியல் சோதனைதான். குளிர்காலத்தில் ஓர் ஏழை முதியவராக இறைவன் வந்து, தன் ஒரே கந்தையைக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் வெளுத்து உலர்த்தித் தா என்கிறார். துவைத்து முடித்தாயிற்று. அப்போது மழை பிடித்துக்கொள்கிறது, துணி உலரவில்லை. தண்ணீர் ஆவியாக 100 டிகிரி வேண்டியதில்லை. 30 டிகிரியிலும் ஆவியாகும், ஆனால் காற்றில் இடம் இருக்க வேண்டும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். குளிர்ந்தால் அதுவும் குறைந்துவிடும். அடைமழை நாளில் அந்த அளவு ஏற்கனவே நிரம்பியிருக்கிறது. எவ்வளவு பக்தியோடு உலர்த்தினாலும் துணியின் ஈரம் போக இடமில்லை. சொன்ன சொல் தவறியதே என்று துவைக்கும் கல்லில் தலையை மோதப் போனவரை இறைவனின் கை தடுத்தது என்கிறது புராணம். தன் தொழிலின் நுட்பம் முழுக்கத் தெரிந்த ஒருவருக்கு அதைத் தாண்டிய ஒன்று குறுக்கே வந்து நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இனி, பட்டு வாங்குகிறவர்களுக்கும் பெட்டியில் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படுகிற சில செய்திகள்.

பட்டுக்கு உருகுநிலை கிடையாது. சூடேற்றினால் உருகுவதற்கு முன்பே சிதைந்து கருகிவிடும். பாலியெஸ்டர் 260 டிகிரியை ஒட்டி உருகும், நைலான் வகையைப் பொறுத்து 220-லிருந்து 265-க்குள். கடைக்காரர் புடவையிலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுகிறாரே, அவர் செய்வது உருகுநிலைச் சோதனை. பட்டு என்றால் முடி கருகிய நாற்றம் வரும், மிஞ்சுகிற கரியைத் தேய்த்தால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகும், விரலால் நசுக்க முடியாது. கலப்பு நூலில் இரண்டும் தெரியும். ஓர் இழைக்கு மேல் தேவையில்லை. குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள்.

சோப்புக்கும் கொதிநீருக்கும் அசையாத பட்டு, வெள்ளைத் துணிக்குப் போடுகிற பிளீச்சிங் திரவத்தில் கரைந்துவிடும். பருத்தி அதில் தாக்குப்பிடிக்கும், புரதம் பிடிக்காது. கறை போக்குகிறேன் என்று பட்டுப் புடவையின் முந்தானையில் அதைத் தேய்த்தால் கறையோடு பட்டும் போகும். இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

ஜரிகைக்கு வருவோம். சிவப்புச் சாயமிட்ட பட்டு நூலைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். இதுதான் அசல் காஞ்சி ஜரிகையின் அமைப்பு. தங்கம் மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. இப்போது வெள்ளியோடு செம்பும் சேர்ந்து வருகிறது. பழைய பட்டுப் புடவை வாங்க வருகிறவர்கள் இந்த உலோகத்துக்காகத்தான் வருகிறார்கள். புடவையை எரித்தால் பட்டு சாம்பலாகிவிடும், உலோகம் நிற்கும். அதை மூசையில் போட்டு, வெங்காரம் தூவி, உலையில் ஊதுகிறார்கள். வெங்காரம் உருகி, உலோகத்தின் மேலிருக்கும் துருவையும் அழுக்கையும் தன்னுள் கரைத்துக்கொண்டு ஒதுங்கிவிடும்.

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. வெள்ளி 962-ல் உருகும், செம்பு 1085-ல். இரண்டையும் கலந்தால் நடுவில் எங்கோ உருகும் என்று நினைப்போம். நூறு பங்கில் 72 வெள்ளி, 28 செம்பு என்று கலந்தால் அது 780 டிகிரியிலேயே உருகிவிடுகிறது, இரண்டையும் விடக் குறைந்த சூட்டில்! அணுக்கள் ஒன்றின் ஒழுங்கை மற்றது குலைப்பதால் திடமாக நிற்பது கடினமாகிறது. பத்தர்கள் பற்றவைக்கப் பயன்படுத்துகிற பொடி, நகை உருகும் முன்பே உருகி இணைப்பில் பாய்வதற்கு இந்த இயல்புதான் காரணம்.

அடுத்து, உலையில் உருகி ஆறிய ஜரிகைக் கட்டியிலிருந்து தங்கத்தைப் பிரிக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியும் செம்பும் கரையும், தங்கம் கரையாமல் பழுப்புத் தூளாக அடியில் தங்கும். கரைசலை இறுத்து அதில் உப்புத் தண்ணீர் விட்டால், வெள்ளி மட்டும் தயிர்போல் வெண்மையாகத் திரண்டு இறங்கும், செம்பு நீலமாக மேலேயே நிற்கும். வெள்ளி குளோரைடு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மில்லிகிராம்தான் கரையும் என்பதால் ஏறக்குறைய எல்லா வெள்ளியும் கைக்கு வந்துவிடுகிறது. மூன்று உலோகங்களையும் கரைதிறன் ஒன்றை வைத்தே பிரித்தாயிற்று. வேதியியலில் இதைவிட அழகான வேலை எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த அமிலத்திலிருந்து கிளம்புகிற செம்பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. அதைச் சுவாசித்தவருக்கு அப்போது இருமல் மட்டும் வந்து நின்றுவிடலாம், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். சன்னல் இல்லாத சின்ன அறையில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் உங்கள் சொந்தத்தில் இருந்தால், புகைபோக்கி இல்லாமல் செய்ய வேண்டாம் என்று கெஞ்சியாவது சொல்லுங்கள்.

கரைவது பற்றிப் பேசும்போது, ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்வரும் மாணவர்கள் கேட்கிற ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அங்கே மூலவர் மண்ணால் ஆன பிருத்வி லிங்கம். நீர் அபிஷேகம் ஆவுடையாருக்குத்தான், லிங்கத்துக்குப் புனுகு சாத்துகிறார்கள். மணல் தண்ணீரில் கரையாதே, பிறகு ஏன் இந்தக் காவல் என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. மணலின் ஒவ்வொரு துகளும் கரையாது என்பது உண்மை. ஆற்று மணல் இன்றும் மணலாகத்தான் இருக்கிறது. தண்ணீர் செய்வது வேறு. துகளுக்கும் துகளுக்கும் இடையே புகுந்து பிடிப்பை விடுவிக்கிறது, உருவம் கலைகிறது. ஒரு தம்ளரில் மண்ணையும் இன்னொன்றில் உப்பையும் கலக்கி இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் மண் அடியில் படிந்திருக்கும், உப்பு எத்தனை நாள் வைத்தாலும் இறங்காது. புனுகு கொழுப்புப் பொருள், தண்ணீரை அண்ட விடாது. வெள்ளம் வந்தபோது அம்பிகை லிங்கத்தைத் தழுவிக் காத்தாள் என்ற தலபுராணத்தை வைத்திருக்கிற ஊர், அந்தக் காவலை அன்றாட முறையாகவே வைத்திருக்கிறது.

மடைப்பள்ளிக்கும் போவோம். வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி உங்களுக்குத் தெரியும். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். இவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தும் ஏன் தீயவில்லை? அடியில் தண்ணீர் இருக்கிற வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. விறகை எவ்வளவு தள்ளினாலும் கூடுதல் வெப்பம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஒரு கிராம் கொதிநீர் ஆவியாக 540 கலோரி வேண்டும். அந்த ஆவி குளிர்ந்த மாவைத் தொட்டு மறுபடி தண்ணீராகும்போது அதே 540 கலோரியை மாவுக்குள் விட்டுவிடுகிறது. மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் நெய்யோடு சேர்வதற்கும் காரணம் உண்டு. மிளகின் காரம் தண்ணீரில் மிக மிகக் குறைவாகத்தான் கரையும், நெய்யில் நன்றாகக் கரைந்து குடலை முழுவதும் பரவும்.

உப்பும் சர்க்கரையும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் குணம் வேறு. 100 கிராம் தண்ணீரில் அறைச் சூட்டில் 36 கிராம் உப்பு கரையும், கொதிக்கும்போது 39 தான். சர்க்கரையோ அறைச் சூட்டில் 200 கிராம், கொதிநீரில் 480-க்கும் மேல். ஆகவே சர்க்கரைக் கரைசலைக் காய்ச்சி, நூல் கட்டி, ஆறவிட்டால் கற்கண்டு கட்டும். உப்புக் கரைசலை ஆறவிட்டுப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மரக்காணம் உப்பளத்தில் வெயிலை நம்பித் தண்ணீரையே ஆவியாக்க வேண்டியிருக்கிறது. பாகு காய்ச்சும்போது தண்ணீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். விரலில் ஒரு கம்பி இழுக்கிற பதம் 106-லிருந்து 112 டிகிரிக்குள், தண்ணீரில் விட்டு உருட்டினால் மெத்தென்று திரள்கிற பதம் 112-லிருந்து 116-க்குள். அதிரசத்துக்குப் பாகு பார்க்கிற பாட்டி வெப்பமானி இல்லாமல் நான்கு டிகிரி நுட்பத்தில் அளக்கிறார்.

உருகுவதையும் கொதிப்பதையும் பார்த்தோம். கற்பூரமும் அந்துருண்டையும் உருகாமலே காற்றில் கரைந்து போகிறவை. கற்பூர டப்பாவில் நாலு மிளகு போட்டு வைப்பார்கள். உண்மையில் அதைக் காப்பது இறுக்கமான மூடிதான். அந்துருண்டையைப் பட்டின்மேல் நேரே படும்படி வைக்காதீர்கள், துணியில் முடிந்து ஓரத்தில் வையுங்கள்.

கடைசியாக, நான் மிகவும் கவலையோடு பேச விரும்புவது சாயத் தண்ணீரைப் பற்றி. மிதப்பதை வடிகட்டலாம், கனமானதைத் தெளியவிட்டு இறுக்கலாம். கரைந்ததை எந்தத் துணியாலும் மணலாலும் வடிகட்ட முடியாது. அப்படிக் கரைந்த கழிவு ஆற்றில் கலந்ததுதான் திருப்பூரில் நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கிருந்த சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்குப் பிறகு கழிவு நீரைச் சவ்வுகள் வழியே அழுத்தி வடித்து, மிஞ்சிய கெட்டியான உப்பு நீரை ஆவியாக்கி, உப்பைத் திரும்ப எடுக்கிற பொது நிலையங்கள் இயங்குகின்றன. அங்கே சாயத்துக்குப் போடுகிற சோடியம் சல்பேட்டைக் குளிரவைத்தே பிரிக்கிறார்கள். 32 டிகிரிக்குக் கீழே அதன் கரைதிறன் மளமளவென்று சரிகிறது.

இதற்கு ஏன் இவ்வளவு செலவாகிறது? குடலை இட்லியை வேகவைத்த அதே 540 கலோரிதான் காரணம். 30 டிகிரி தண்ணீரைக் கொதிக்கவைக்க ஒரு கிராமுக்கு 70 கலோரி போதும். முழுக்க ஆவியாக்க அதைப் போல ஏழரை மடங்குக்கும் மேல் வேண்டும். கலத்தின் அழுத்தத்தைக் குறைத்தும், ஒரு கலத்தின் ஆவியால் அடுத்த கலத்தைச் சூடாக்கியும் மிச்சம் பிடிக்கிறார்கள். ஆனாலும் இரண்டு தொட்டி வைத்துப் பிழைக்கிற ஒரு பட்டறைக்காரர் தனியாகத் தாங்கக்கூடிய செலவல்ல இது. அவரைக் குற்றவாளியாக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பொதுவில் நிலையம் வேண்டும், அரசின் பணமும் புடவை விற்கிறவர்களின் பணமும் அதில் இருக்க வேண்டும். அதுவரை பட்டறையிலேயே செய்யக்கூடியது, தண்ணீரில் மிஞ்சுகிற சாயத்தைக் குறைப்பது: மென்மையான நீர், அளவான அசிட்டிக் அமிலம், சூட்டை மெதுவாக ஏற்றுவது, அளந்து போடுவது. பட்டில் ஏறிய சாயம் பாலாற்றுக்குப் போகாது.

கரைந்தது கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கொண்டுவந்தவர்கள் இடப்பக்க மேசைக்கு வாருங்கள். கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைக் காட்டுகிற சிறு கருவி இருக்கிறது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. கரைந்திருப்பது என்ன பொருள் என்று இந்தக் கருவி சொல்லாது, எவ்வளவு என்று மட்டும் சொல்லும். எண் அதிகமாக வந்தால் தெருப் பெயரோடு பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள், அந்தத் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்போம்.